சென்னை மேற்குப் புறநகரில் புவி அறிவியல் கல்வி

சென்னை மேற்குப் புறநகரில் புவி அறிவியல் கல்வி என்பது, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களிலும் அவற்றின் சுற்றுப்புறங்களிலும் உள்ள பள்ளிகளில் பாறை, மண், நீர், வளிமண்டலம் ஆகியவை பற்றி உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கப்படும் பாடங்களையும், அப்பாடங்களுக்குச் சான்றாக அமையும் உள்ளூர் நில அமைப்பையும் குறிக்கும். தமிழ்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் புவி அறிவியல் ஒரு தனிப் பாடமாக இல்லை. அதன் பெரும்பகுதி சமூக அறிவியலின் புவியியல் பிரிவிலும், எஞ்சிய சில கூறுகள் அறிவியல் பாடத்திலும் இடம்பெறுகின்றன.

இப்பகுதி பார்வைக்குச் சமதளமாகவே காணப்படும். மலை, எரிமலை, பனியாறு என்று பாடநூலில் படமாக வரும் எதுவும் இங்கு இல்லை. எனினும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையான பாறை, கிரேத்தேசியக் காலக் களிப்பாறை, செம்புரைக்கல், ஆற்று வண்டல் ஆகியவை சிறு தொலைவுக்குள் அமைந்துள்ளன. 2015 ஆம் ஆண்டின் வெள்ளமும் 2019 ஆம் ஆண்டின் குடிநீர்ப் பற்றாக்குறையும் இந்நிலத்தைப் பற்றிய அறிவு அன்றாட வாழ்வுக்குத் தேவையானது என்பதைக் காட்டின.

பெயரும் பொருளும்

புவி அறிவியல் என்பது புவியைப் பற்றிய பல துறைகளின் தொகுப்பு ஆகும். நிலவியல், நீரியல், வளிமண்டலவியல், பெருங்கடலியல், மண்ணியல், தொல்லுயிரியல் ஆகியவை இதில் அடங்கும்.

தமிழில் இத்துறைப் பெயர்கள் ஓரளவு குழப்பம் தருவன. பள்ளிப் பாடநூல்களில் புவியியல் என்ற சொல், நிலப்பரப்பு, காலநிலை, மக்கள், தொழில் ஆகியவற்றை இட அடிப்படையில் ஆராயும் பாடத்தைக் குறிக்கிறது. ஆனால் பாறைகளையும் கனிமங்களையும் கையாளும் தமிழ்நாடு அரசுத் துறையின் பெயர் "புவியியல் மற்றும் சுரங்கத் துறை" என்பதாகும். அங்கு அதே சொல் பாறைகளைப் பற்றிய துறையைக் குறிக்கின்றது. இலங்கையில் இத்துறைக்குப் புவிச்சரிதவியல் என்னும் சொல் வழங்குகிறது. இக்கட்டுரையில் பாறைகளையும் புவியின் வரலாற்றையும் ஆராயும் துறை நிலவியல் என்றும், பள்ளிப் பாடம் புவியியல் என்றும் குறிக்கப்படுகின்றன.

பாடத்திட்டத்தில் இடம்

தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிக்குலேசன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என முன்னர் நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. சமச்சீர் கல்வி 2010–2011 கல்வியாண்டில் முதலாம், ஆறாம் வகுப்புகளிலும், 2011–2012 இல் பத்தாம் வகுப்பு வரையிலான ஏனைய வகுப்புகளிலும் அறிமுகமானது. பின்னர் 2018–2019 கல்வியாண்டு முதல் புதிய பாடநூல்கள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அப்பாடத்திட்டத்தில் புவி அறிவியல் பின்வருமாறு பகிர்ந்தளிக்கப்பட்டது:

- ஏழாம் வகுப்பு: புவியின் உள்ளமைப்பு, நிலத்தோற்றங்கள்
- எட்டாம் வகுப்பு: பாறையும் மண்ணும், வானிலையும் காலநிலையும், நீரியல் சுழற்சி
- ஒன்பதாம் வகுப்பு: புவியின் அகச் செயல்முறைகள், புறச் செயல்முறைகள், வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம், நிலவரைபடத் திறன்கள், பேரிடர் மேலாண்மை
- பத்தாம் வகுப்பு: இந்தியாவின் நிலத்தோற்றமும் வடிகாலமைப்பும், காலநிலை, தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள்

ஆவடியில் உள்ள கேந்திரிய வித்யாலயாக்களும் சில தனியார் பள்ளிகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. அங்கும் உயர்நிலை வகுப்புகளில் இப்பொருள் சமூக அறிவியலின் பகுதியாகவே வருகிறது.

இந்த அமைப்பினால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, தேர்வு முறை சார்ந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அறிவியலுக்கு 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. சமூக அறிவியலுக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே உரியது. ஆகவே, அறிவியல் சோதனைகளைக் கையால் செய்து பார்க்கும் மாணவர், ஒரு பாறைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே பாறைகளைப் பற்றிய வினாவுக்கு முழு மதிப்பெண் பெற இயலும். இரண்டாவது, மேல்நிலை வகுப்புகளில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பாலான மாணவர்கள் புவியியலைத் தொடர்ந்து படிப்பதில்லை. பின்னாளில் கட்டிடம், சாலை, நீர் வழங்கல் ஆகிய துறைகளுக்குச் செல்வோர் பலருக்கும் பத்தாம் வகுப்பே புவி அறிவியலை முறையாகக் கற்கும் கடைசி வாய்ப்பாக அமைந்து விடுகிறது.

சில நாடுகளில் நிலைமை வேறானது. யப்பானின் மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுக்கு இணையான அறிவியல் பாடமாகப் புவி அறிவியல் உள்ளது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதற்கு ஆய்வகப் பயிற்சியுடன் கூடிய பொதுத் தேர்வு நடத்தப்படுகிறது.

புறநகரின் நில அமைப்பு

பாடநூல்கள் பாறைகளைத் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என மூன்றாக வகைப்படுத்துகின்றன. இவற்றுக்கு எடுத்துக்காட்டாகத் தக்காணப் பீடபூமியும் இமயமலையும் பெரும்பாலும் தரப்படுகின்றன. மேற்குப் புறநகர் மாணவர்களுக்கு அருகிலேயே கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் கீழே தரப்பட்டுள்ளன.

சார்னோக்கைட்டு

பூந்தமல்லியிலிருந்து மவுண்ட்–பூந்தமல்லி சாலை வழியே தென்கிழக்கே சென்றால் பரங்கிமலையை அடையலாம். இம்மலையும் அதனை அடுத்த பல்லாவரம், திரிசூலம் குன்றுகளும் சார்னோக்கைட்டு எனும் பாறையால் ஆனவை. இது கரும்பச்சை கலந்த சாம்பல் நிறமுடைய கடினமான பாறை. கட்டுமானத்தில் கருங்கல் என்றும் சல்லி என்றும் பயன்பட்டு வந்துள்ளது.

இப்பாறைக்குப் பெயரிட்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமசு ஆலந்து ஆவார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான யோப் சார்னோக்கின் கல்லறைக் கல் கொல்கத்தாவில் உள்ளது. அது சென்னைப் பகுதியின் பாறையால் ஆனது என்பதைக் கண்ட ஆலந்து, 1893 இல் அப்பாறை வகைக்கு அவரது பெயரைச் சூட்டினார். இன்று உலகின் பல பகுதிகளில் காணப்படும் இத்தகைய பாறைகள் எல்லாம் இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன. பரங்கிமலையின் சார்னோக்கைட்டு தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆலந்து இதனை உருகிய குழம்பு குளிர்ந்து உண்டான தீப்பாறையாகக் கருதினார். பிற்கால ஆய்வுகள், புவியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் நிகழ்ந்த உருமாற்றத்துக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு எனக் காட்டின. எனவே, மூவகைப் பாறைகளில் இது எதனைச் சேர்ந்தது என்ற எளிய வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது என்பதையும் மாணவர்கள் இங்கு அறியலாம்.

ஆவடிக் களிப்பாறை

கோண்டுவானா என்பது இந்தியா, ஆப்பிரிக்கா, ஆத்திரேலியா, அண்டார்க்டிக்கா, தென்னமெரிக்கா ஆகியவை ஒன்றாக இணைந்திருந்த பழங்காலப் பெருநிலம் ஆகும். அது பிளவுபட்டு வந்த காலத்தில், இன்றைய சென்னைக்கு மேற்கே இருந்த தாழ்நிலங்களில் களியும் மணலும் படிந்தன. அவை இறுகி உண்டான படிவுகள் திருப்பெரும்புதூர் அடுக்குகள் என நிலவியலில் குறிப்பிடப்படுகின்றன. இவை முற்காலக் கிரேத்தேசியக் காலத்தைச் சேர்ந்தவை. அதாவது 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. இவற்றில் தைலோபில்லம் முதலிய தாவரங்களின் இலைப் பதிவுகளும் கடல்வாழ் உயிரினங்களின் எச்சங்களும் கிடைத்துள்ளன. நிலத்துத் தாவரமும் கடல் உயிரினமும் ஒரே படிவுத் தொகுதியில் கிடைப்பதால், அக்காலத்தில் கடற்கரை இப்பகுதி வரை வந்து சென்றது என்பது புலனாகிறது.

இத்தொகுதியைச் சேர்ந்த, மெல்லிய தகடுகளாகப் பிளவுபடும் களிப்பாறை நிலவியல் நூல்களில் ஆவடிக் களிப்பாறை என்ற பெயராலும் குறிப்பிடப்படுகிறது.

செம்புரைக்கல்

வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் காலநிலையில் பாறைகள் நெடுங்காலம் சிதைவுறும்போது, எளிதில் கரையும் பொருள்கள் நீரால் அகற்றப்பட்டு இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் எஞ்சுகின்றன. இவ்வாறு உண்டாவது செம்புரைக்கல் ஆகும். இரும்பு ஆக்சைடே இதன் செந்நிறத்துக்குக் காரணம். அம்பத்தூருக்கு வடக்கே உள்ள செங்குன்றத்தின் பெயரே அந்நிலத்தின் நிறத்தைச் சுட்டுகிறது.

ஆறும் ஏரியும்

கூவம் ஆறு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே பாய்ந்து, திருவேற்காடு, மதுரவாயல் வழியாகச் சென்னைக்குள் நுழைகிறது. வடக்கே கொசத்தலையாறும் தெற்கே அடையாறும் உள்ளன. இவ்வாறுகள் கொண்டுவந்த மணலும் வண்டலும் பழைய படிவுகளின் மேல் படர்ந்துள்ளன.

களிமண் நீரை எளிதில் கீழே விடாது. மணல் விடும். களிமண் மிகுந்த சமநிலத்தில் மழைநீர் மேற்பரப்பிலேயே தேங்குவதால், தாழ்ந்த பக்கத்தில் கரை எழுப்பி அதனைச் சேமிக்க முடிந்தது. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகள் இப்பகுதியில் நெருங்கி அமைந்திருப்பதற்கு இந்நிலமும் ஒரு காரணம் ஆகும். மேலே உள்ள ஏரியின் உபரி நீர் கீழே உள்ள ஏரிக்குச் செல்லுமாறு இவை தொடராக அமைக்கப்பட்டன. அம்பத்தூர் ஏரியின் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்வது இதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.

கால அளவு

கோடி ஆண்டுகளை மனத்தில் இருத்துவது கடினம். 10 கோடி ஆண்டுகளை 1 கிலோமீட்டராகக் கொண்டால், பரங்கிமலைப் பாறையின் வயது 25 கிலோமீட்டர் ஆகும். இது ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை உள்ள தொலைவையும் தாண்டும். திருப்பெரும்புதூர் அடுக்குகள் ஒரு கிலோமீட்டரைச் சற்றுக் கடந்த இடத்தில் வரும். கீழே கூறப்படும் அத்திரம்பாக்கக் கற்கருவிகள் 15 மீட்டரில் வரும். பத்து ஆண்டுகள் என்பது 0.1 மில்லிமீட்டர் மட்டுமே.

அத்திரம்பாக்கமும் திருத்தப்பட்ட கருத்தும்

இந்தியத் தொல்பழங்கால ஆய்வு இப்புறநகர்ப் பகுதியை ஒட்டியே தொடங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூசு ஃபூட், மே 30, 1863 அன்று பல்லாவரத்தில் செம்புரைச் சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசத்தலையாற்று வடிநிலத்தில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர்.

அத்திரம்பாக்கத்தில் சரளை அடுக்குக்குக் கீழே தடித்த களிமண் அடுக்கு ஒன்று உள்ளது. அது ஆவடிக் களிப்பாறையின் பகுதி என்றும், ஆகவே மனிதர் தோன்றுவதற்கு மிக முந்தைய கிரேத்தேசியக் காலத்தது என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வாறாயின் அதனுள் கற்கருவி இருக்க வாய்ப்பில்லை. 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேசு ஆகியோர் அங்கு நடத்திய அகழாய்வில், அக்களிமண்ணுக்கு உள்ளேயே கருவிகள் கிடைத்தன. கிரேத்தேசியக் காலம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்து விட்டது. எனவே, அக்களிமண் பிற்காலத்தில் நீரால் படிந்தது என்பது தெளிவாயிற்று.

2011 இல் வெளியான ஆய்வு முடிவின்படி இக்கருவிகளின் சராசரி வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் ஆகும். அண்டக் கதிர்களால் கல்லில் உண்டாகும் தனிமங்களின் அளவும், படிவில் பதிந்துள்ள புவிக் காந்தப்புலத்தின் திசையும் இக்கணிப்புக்குப் பயன்பட்டன. 2018 இல் வெளியான மற்றோர் ஆய்வு, அங்கு இடைப் பழைய கற்காலப் பண்பாடு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதாகக் காட்டியது.

பார்வைக்கு ஒத்திருக்கும் இரு களிமண்கள் ஒரே காலத்தவை அல்ல என்பதும், அடுக்கின் வயதை நிறுவ அதனுள் இருக்கும் பொருள் சான்றாகும் என்பதும் இதிலிருந்து பெறப்படும் பாடங்கள் ஆகும். பாடநூலில் ஒரு வரியில் முடியும் முடிவு, களத்தில் எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பதற்கும் இது சான்று.

வெள்ளமும் வறட்சியும்

சென்னைப் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் ஆகும். இதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. சில வாரங்களில் பெய்யும் நீரை ஆண்டு முழுவதும் பயன்படுத்த வேண்டியிருப்பதே இப்பகுதியின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

பூந்தமல்லிக்கு அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு உயரம் 24 அடி. திசம்பர் 1, 2015 அன்று காலை முதல் மறுநாள் காலை வரை அங்கு ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. இவ்வெண்களைப் பள்ளிக் கணக்காகவே செய்து பார்க்கலாம்:

- 47 சென்டிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்தால் கிடைக்கும் நீர் 4,70,000 கன மீட்டர், அதாவது 47 கோடி லிட்டர்.
- வினாடிக்கு 29,000 கன அடி என்பது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 104 மில்லியன் கன அடி ஆகும்.
- இந்த வேகத்தில், புது நீர் வராவிட்டால், நிறைந்த ஏரி ஏறத்தாழ 35 மணி நேரத்தில் காலியாகிவிடும்.

களிமண் நிலத்தில் இந்நீரின் சிறு பகுதியே உட்புகும். எஞ்சியது கால்வாய் வழியாகவோ, கால்வாய் அடைபட்டிருந்தால் தெரு வழியாகவோ தாழ்ந்த இடத்தை நோக்கிச் செல்லும். பழைய ஏரிப் படுகையில் அல்லது ஏரிகளை இணைக்கும் கால்வாயின் மேல் எழும் கட்டிடம், வெள்ளத்தின் வழியிலேயே நிற்கிறது.

நான்கு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. 2019 சூனில், அப்போது நகருக்கு நீர் வழங்கிய பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களில், மொத்தக் கொள்ளளவான 11,257 மில்லியன் கன அடியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நீரே இருந்தது. புறநகர்க் குடும்பங்கள் பல தண்ணீர் லாரிகளை நம்பியிருந்தன.

தமிழ்நாட்டில் 2003 இல் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இதன் பயனும் நிலத்தைப் பொறுத்ததே. மணற்பாங்கான இடத்தில் ஆழம் குறைந்த குழியே போதும். களிமண் உள்ள இடத்தில் அக்குழி நிரம்பி வழியும். களிமண்ணைக் கடந்து கீழுள்ள மணல் அடுக்கை எட்டும் துளை தேவைப்படும். ஒன்பதாம் வகுப்பு நீர்க்கோளப் பாடமும் எட்டாம் வகுப்பு மண் பாடமும் ஒரே வீட்டின் முற்றத்தில் சந்திக்கும் இடம் இது எனலாம்.

பள்ளி அளவில் செய்யத்தக்க அவதானிப்புகள்

- கிணற்று நீர்மட்டம்: எடை கட்டிய கயிற்றால் ஒரே கிணற்றின் நீர்மட்டத்தை ஆசிரியர் அல்லது பெற்றோர் துணையுடன் மாதந்தோறும் அளந்து, மழை அளவுடன் ஒரே வரைபடத்தில் குறித்தல். மழைக்கும் நீர்மட்ட உயர்வுக்கும் இடையே உள்ள காலத் தாமதத்தை இதனால் அறியலாம்.
- மண் படிவுச் சோதனை: கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் எஞ்சிய பகுதி நீரும் இட்டுக் குலுக்கி வைத்தல். மணல் விரைவில் அடியில் தங்கும். வண்டல் அடுத்துப் படியும். களிமண் நெடுநேரம் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.
- கல் சேகரிப்பு: கட்டிடப் பணியிடத்துச் சல்லி, செம்மண் சாலைச் சரளை, ஆற்று மணல் ஆகியவற்றைக் கைவில்லையால் பார்த்து நிறம், மணியளவு, கடினத்தன்மை ஆகியவற்றைக் குறித்தல்.
- நிலவரைபடம்: இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத்தில் தம் பள்ளியைச் சூழ்ந்த ஏரிகளைக் கண்டு, இசுரோவின் புவன் தளத்தில் உள்ள செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிடுதல்.

பார்க்கத்தக்க இடங்கள்

- பரங்கிமலை: சார்னோக்கைட்டுப் பாறை
- அரசு அருங்காட்சியகம், எழும்பூர்: 1851 இல் தொடங்கப்பட்டது, ஃபூட் சேகரித்த தொல்பொருள்கள் 1904 இல் இங்கு வந்தன
- பூண்டி: 1944 இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கமும் தொல்பழங்கால அகழ்வைப்பகமும்
- செம்பரம்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி
- திருவக்கரை, விழுப்புரம் மாவட்டம்: கல்மரப் பூங்கா

கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீர் மிக ஆழமானது. கரை செங்குத்தாக இருப்பதால் விழுந்தவர் ஏறுவது கடினம். மாணவர்கள் அவற்றின் அருகே தனியாகச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

போட்டிகள்

பள்ளி மாணவர்களுக்கான பன்னாட்டுப் புவி அறிவியல் ஒலிம்பியாட் 2007 இல் தென் கொரியாவின் தேகு நகரில் முதன்முதலாக நடைபெற்றது. 2013 ஆம் ஆண்டுப் போட்டி மைசூரில் நடந்தது. இந்திய அளவிலான தேர்வை இந்திய நிலவியல் கழகம் நடத்தி வந்துள்ளது. எழுத்துத் தேர்வுடன் களத்தேர்வும் இருப்பது இப்போட்டியின் சிறப்பு ஆகும். பாறையைக் கையில் எடுத்துப் பார்த்த பழக்கம் அதற்குப் பயன்படும்.

இவற்றையும் பார்க்கவும்

- அத்திரம்பாக்கம்
- கோண்டுவானா
- சார்னோக்கைட்டு
- செம்பரம்பாக்கம் ஏரி
- மழைநீர் சேகரிப்பு